வழி சொன்னவள்

ஒருநாள் மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, முதுகலை மாணவி ஒருத்தி என் மேசைக்கருகில் வந்து நின்றாள். என் கவிதைகளில் ஒரு சுனை வருகிறது. மூன்று நான்கு கவிதைகளில் அது திரும்பத் திரும்ப வந்திருப்பது அவள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. "அந்தச் சுனை எங்க இருக்கு மேடம்? நானும் என் ஃப்ரண்டும் ஒருநாள் போய்ப் பாக்கணும்" என்றாள்.

நான் சொல்லவில்லை. "அது ரொம்பத் தூரம்மா. பாதையும் சரியில்ல. உங்களுக்கு ஒத்துவராது" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. சிரித்தாள். "எங்க வீட்லயும் இதேதான் மேடம் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறைத்ததற்கு என்னிடம் காரணம் இருந்தது. பெயர் வெளியே தெரிந்த மலையிடங்கள் என்னவாகின்றன என்று நமக்குத் தெரியும். பிளாஸ்டிக் டம்ளர், உடைந்த பாட்டில், பாறையில் பெயிண்டால் எழுதிய காதலர் பெயர்கள். அந்தச் சுனையை நான் நேசிக்கிறேன், அதனால் மறைக்கிறேன். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவளுடைய அப்பாவும் இதையேதானே சொல்வார்? மகளை நேசிக்கிறேன், அதனால் அனுப்ப மாட்டேன் என்று. சுனையின் மீது எனக்குள்ள அன்பும், மகள்மீது அவருக்குள்ள அன்பும் எப்படி ஒரே வாக்கியத்தில் போய் முடிந்தன? இரண்டுமே ஒரு பெண்ணை வீட்டிலேயே இருக்கச் சொல்கின்றன.

அழகான ஓர் இடத்தை அறிந்த ஒருத்தி, அங்கே போகும் வழியைப் பிறருக்குச் சொல்லலாமா? சொன்னால் அந்த இடம் கெடும். சொல்லாவிட்டால் யார் கெடுவது? இந்தக் கேள்வியோடு நான் போய் நின்றது, நான் பார்த்திராத ஒரு மலைநாட்டில், வழி சொல்வதையே வேலையாகக் கொண்டிருந்த ஒரு பெண்ணிடம். அவர் பெயர் லூயிஸ் மார்ஷல்.

*

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது வாஷிங்டன் மாநிலம். தலைநகர் வாஷிங்டனோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதன் நடுவே வடக்கு தெற்காகக் காஸ்கேட் மலைத்தொடர் ஓடுகிறது. மேற்குப் பக்கம் கடலும் மழையும் சியாட்டில் நகரமும். மலைமேல் பனியாறுகள், ஏரிகள், ஓங்கி வளர்ந்த ஊசியிலைக் காடுகள். 1966-இல் இந்த மாநிலத்தில் லூயிஸ் மார்ஷல் இரண்டு காரியங்கள் செய்தார்.

முதலாவது, ஒரு புத்தகம். மேற்கு வாஷிங்டனின் நூறு மலைநடைகளைப் பற்றிய வழிகாட்டி நூல். எழுத்து அவருடையது. படங்களை எடுத்தவர்கள் பாப் ஸ்பிரிங், ஐரா ஸ்பிரிங் என்ற இரட்டைச் சகோதரர்கள். சியாட்டிலில் 1906 முதல் இயங்கிவரும் 'மவுண்டனியர்ஸ்' என்ற மலையேறுவோர் சங்கம் அதை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து அந்த வட்டாரத்துக்கென்று ஒரு நூல்வரிசையே உருவானது.

இரண்டாவது, 'சைன்போஸ்ட்' என்ற செய்திமடல். கைகாட்டி மரம் என்று தமிழில் சொல்லலாம். எந்தப் பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது, எங்கே பாலம் அடித்துப் போயிற்று, எங்கே பனி இன்னும் உருகவில்லை என்று நடந்து பார்த்தவர்களே அதற்கு எழுதி அனுப்பினார்கள். அதே பெயரில் வழிகாட்டி நூல்களும் வெளிவந்தன. அந்தச் செய்திமடலிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய 'வாஷிங்டன் டிரெய்ல்ஸ் அசோசியேஷன்'. பாதைகளுக்காக வாதாடுவதோடு, மண்வெட்டியும் ரம்பமும் எடுத்துக்கொண்டு போய் அவற்றைச் செப்பனிடவும் செய்யும் தொண்டர் அமைப்பு அது.

இந்த இரண்டு காரியங்களில் முதலாவதை மட்டும் அவர் செய்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். இரண்டாவதுக்குப் பிறகு வருகிறேன். முதலில் முதலாவதன்மீது வைக்கப்படும் குற்றச்சாட்டைக் கேட்போம்.

*

குற்றச்சாட்டு எளிமையானது. வழிகாட்டி நூல் எழுதுகிறவர் தான் நேசிப்பதையே விற்கிறார்.

இதைத் தள்ளிவிட முடியாது. காஸ்கேட் மலைகளின் உச்சிப் புல்வெளிகள் வருடத்தில் பெரும்பகுதி பனிக்கடியில் கிடப்பவை. செடிகள் முளைத்து, பூத்து, விதைத்து முடிக்க அவற்றுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று மாதங்கள்தாம். தரையோடு படர்ந்த குறுஞ்செடிகள் மிக மெதுவாக வளர்கின்றன. ஒருவர் மிதித்தால் எழுந்துவிடும். நூறு பேர் மிதித்தால் அங்கே மண் தெரியும். மண் தெரிந்தால் மழைநீர் அதை வாய்க்காலாக்கும். சேற்றுக்குப் பயந்து அடுத்து வருபவர் பக்கத்தில் மிதிப்பார். ஒரு பாதை மூன்றாகும். அதை ஆற்றப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.

கிளேசியர் பீக் என்ற எரிமலைக்கு எதிரே மைனர்ஸ் ரிட்ஜ் என்ற மலைமுகடு இருக்கிறது. அதன்மேல் இமேஜ் ஏரி என்று ஒரு சிறு ஏரி. பனிமூடிய சிகரம் முழுவதும் அதில் தெரியும். ஒரே நாளில் போய்வர முடியாத தூரம். ஆனாலும் வந்தவர்கள் தொகை பெருகி, கரையெல்லாம் மிதிபட்டு, கடைசியில் ஏரிக்கு அருகே கூடாரம் அடிப்பதையே தடைசெய்ய வேண்டியதாயிற்று. அதே மாநிலத்தில் 'என்சான்ட்மென்ட்ஸ்' என்ற ஏரிக்கூட்டத்தில் இரவு தங்க இன்று குலுக்கலில் பெயர் விழ வேண்டும். அறியப்படுவதற்கு ஓர் இடம் கொடுக்கும் விலை இது.

இதைப் படித்தவுடன் என் மாணவிக்கு நான் சொன்ன பதில் சரிதான் என்று தோன்றியது. ஆனால் இமேஜ் ஏரியின் கதைக்கு முந்தைய பாதி ஒன்று உண்டு.

அந்த மலைமுகட்டின் பெயரிலேயே சுரங்கக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே நிலத்தடியில் செம்பு. கென்னகாட் என்ற பெரும் செம்புக் கம்பெனிக்கு அங்கே உரிமை நிலம் இருந்தது. 1964-இல் வந்த வனாந்தரச் சட்டம் அந்த வட்டாரத்தைப் பாதுகாத்தது. ஆனால் அதே சட்டம் 1983 முடியும்வரை புதிய சுரங்க உரிமைகளுக்கும் வழிவிட்டிருந்தது. 1960களின் பிற்பகுதியில் அந்த மலையில் திறந்தவெளிச் சுரங்கம் தோண்டக் கம்பெனி முனைந்தது. அதை எதிர்த்தவர்களில் ஒருவர் பிரெட் டார்வில் என்ற மருத்துவர். அவரும் அந்த வட்டாரத்துக்கு வழிகாட்டி நூல்கள் எழுதியவர். கம்பெனியின் பங்குகள் சிலவற்றை வாங்கி, பங்குதாரராகவே கூட்டத்துக்குப் போய்ச் சுரங்கத்துக்கு எதிராகப் பேசினார். ஏரியின் படங்கள் நாடெங்கும் பரவின. அந்த இடத்தை நடந்து பார்த்தவர்கள் கடிதம் எழுதினார்கள், கூட்டங்களில் பேசினார்கள். சுரங்கம் கடைசிவரை தோண்டப்படவே இல்லை.

அந்த இடத்தை யாரும் அறியாமல் ரகசியமாக வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ரகசியம் யாருக்கு? கம்பெனிக்கு அது ரகசியமே இல்லை. அதனிடம் வரைபடம் இருந்தது, அளந்து பார்த்த பொறியாளர்கள் இருந்தார்கள். மரம் வெட்டும் கம்பெனிகளுக்கும் எந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை மரம் என்று தெரியும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போடப்பட்ட சாலைகள் எத்தனையோ பழைய நடைபாதைகளை விழுங்கின. நடந்தவர் குறைவு என்பதால் அழிந்ததைக் கேட்க ஆளும் குறைவு.

மறைத்து வைப்பதில் இருக்கும் ஏமாற்று இதுதான். வெட்ட வருகிறவனுக்கும் தோண்ட வருகிறவனுக்கும் எதையும் மறைக்க முடியாது. பார்க்க வருகிறவளிடமிருந்து மட்டுமே மறைக்க முடியும்.

*

மார்ஷலின் புத்தகம் எதைத் தந்தது என்று ஒரு பெண்ணாக நின்று யோசித்துப் பார்க்கிறேன். அது இலக்கியமல்ல. வண்டியை எங்கே நிறுத்துவது, போகவர எத்தனை மைல், எத்தனை அடி ஏற்றம், எவ்வளவு நேரம் ஆகும், எந்த மாதத்தில் போகலாம். வழிகாட்டி நூல்களில் இருப்பவை இப்படிப்பட்ட எண்கள். ஒரு கவிஞருக்கு அலுப்புத் தரக்கூடியவை.

ஆனால் நம்மில் யாருடைய நாள் எண்ணப்படாத நாள்? எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய், குழந்தை பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு வந்துவிடுவாயா, யாரோடு போகிறாய், அவருக்கு வழி தெரியுமா. இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாதவள் எங்கும் போக முடியாது. பதில்கள் ஓர் ஆணிடம் மட்டும் இருந்தால், அவன் கூட்டிப்போனால்தான் போக முடியும். அவன் விரும்பும் நாளில், அவன் நடக்கும் வேகத்தில். மலையேறுவோர் சங்கங்களில் பெண்கள் இல்லாமல் இல்லை. மவுண்டனியர்ஸ் சங்கத்திலேயே தொடக்கம் முதல் பெண்கள் கணிசமாக இருந்தார்கள். ஆனால் சங்கத்தில் சேர்வதற்கு நேரம் வேண்டும், அறிமுகம் வேண்டும், சங்கம் குறிக்கும் தேதியில் வீடு விட வேண்டும். ஒரு புத்தகம் இவை எதையும் கேட்பதில்லை. சனிக்கிழமை மதியம்வரை மட்டுமே ஓய்வுள்ள ஒருத்தி, நாலு மைல் பாதை எது என்று பக்கத்தைப் புரட்டித் தானே முடிவெடுக்கலாம். தானே முடிவெடுப்பது என்ற சொற்களுக்கு அழுத்தம் கொடுக்கிறேன். விடுதலை என்று நாம் பெரிய சொல்லால் அழைப்பது பல நேரங்களில் இந்த அளவுக்குச் சின்ன விஷயம்தான். தேவையான எண்கள் என் கையில் இருக்கின்றனவா, இன்னொருவர் கையிலா என்பதுதான் அது.

தமிழ் படித்தவளுக்கு இந்த இடத்தில் ஆற்றுப்படை நினைவுக்கு வராமல் போகாது. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் எதிரே வரும் வறிய கலைஞனுக்கு வழி சொல்கிறான். 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம், நன்னனிடம் போகும் மலைவழியைக் கூத்தருக்குச் சொல்கிறது. பன்றிக்கு வைத்த பொறிகளை, பாம்பு இருக்கும் குழிகளை, வழுக்கும் இடங்களை, புனம் காப்பவர் எறியும் கவண்கல்லை எச்சரித்துக்கொண்டே போகிறது. விறலியைப் பார்த்து வழி சொல்லும் விறலியாற்றுப்படை என்றே ஒரு துறை இருக்கிறது. நான் பெற்றேன், நீயும் போய்ப் பெறு என்பதே அதன் அறம். தான் பெற்ற இடத்தை மறைப்பதை அந்த மரபு நினைத்தும் பார்க்கவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. ஆற்றுப்படையின் வள்ளல் கொடுக்கக் கொடுக்கக் குறையாதவன். பாட்டில் அப்படித்தான் இருக்க முடியும். மலைப் புல்வெளி அப்படியல்ல. அது குறையும். அதனால் ஆற்றுப்படையின் அறம் மட்டும் நமக்குப் போதாது.

*

இங்கே இன்னொரு பெண்ணையும் அறிமுகப்படுத்த வேண்டும். பாலி டையர். 1920-இல் பிறந்து 2016-இல் மறைந்தவர். வாஷிங்டன் மாநிலத்தின் காடுகளுக்காகவும் கடற்கரைகளுக்காகவும் வாழ்நாள் முழுவதும் போராடியவர். ஒலிம்பிக் தீபகற்பத்தின் கரையோரமாக நெடுஞ்சாலை போடும் யோசனை வந்தபோது, 1958 ஆகஸ்டில் அவரும் தோழர்களும் சேர்ந்து ஒரு நடையை ஏற்பாடு செய்தார்கள். உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் உட்படப் பலர் 22 மைல் கடற்கரையை மூன்று நாளில் நடந்து கடந்தார்கள். பத்திரிகைக்காரர்களும் கூடவே நடந்தார்கள். அந்தக் கரையில் இன்றும் நெடுஞ்சாலை இல்லை. அவர்கள் அந்தக் கரையை மறைத்துக் காப்பாற்றவில்லை, நடந்து காட்டிக் காப்பாற்றினார்கள்.

டையரிடமிருந்து ஒரு சொல்லும் சட்டத்துக்குள் போயிற்று. வனாந்தரச் சட்டத்தை வரைந்த ஹோவர்ட் ஜானைசர், காட்டுநிலம் எது என்று விளக்கப் பொருத்தமான சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். டையர் பயன்படுத்திய ஒரு சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. 'அன்ட்ராமல்டு.' ட்ராமல் என்றால் மீன்பிடி வலை, குதிரையின் காலைக் கட்டும் கட்டு. அது இல்லாதது என்று பொருள். நம்மிடம் இதற்கு நேரான சொல் இருக்கிறது: தளையற்றது. செய்யுளில் சீரோடு சீரைக் கட்டுவதும் தளை, கைதியின் காலில் கிடப்பதும் தளை என்று வகுப்பில் சொல்லும்போது மாணவிகள் சிரிப்பார்கள்.

காட்டைப் பாதுகாப்பது என்றால் அதைச் சுற்றிச் சுவர் எழுப்புவது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அதன் காலில் தளை போடாமல் இருப்பது என்கிறது. 'பாதுகாப்பு' என்ற சொல்லை நாம் பெண்களுக்குப் பயன்படுத்தும்போது எந்தப் பொருளில் பயன்படுத்துகிறோம்? விடுதிக் கதவு ஆறு மணிக்குப் பூட்டப்படுவது பாதுகாப்பு. மாலை வகுப்பில் சேராமல் இருப்பது பாதுகாப்பு. அங்கே பாதுகாப்பு என்பதே தளை.

இப்படிச் சொல்லும்போது நான் ஒரு பள்ளத்தின் ஓரமாக நடக்கிறேன் என்று தெரியும். காடும் பெண்ணும் ஒன்று என்ற பழைய உவமைக்குள் விழுந்துவிடக் கூடாது. நிலமகள், நதிமகள், கன்னிக்காடு என்று நம்மை நிலமாக்கி நிலத்தை நம்மாக்கிய மொழி இரண்டையும் உடைமையாகவே பார்த்தது. பெண் பேசுவாள். போகலாமா என்று அவளிடமே கேட்கலாம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காட்டிடம் அப்படிக் கேட்க முடியாது. அதனால் பெண்ணை அவள் நன்மைக்காக மறைத்து வைப்பதில் ஒரு நியாயமும் இல்லை. காட்டின் விஷயத்தில் மறைப்பதற்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் பேச முடியாத ஒன்றுக்காக யாராவது பேச வேண்டும் என்றால், அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். இந்த முடிச்சை நான் அவிழ்த்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.

மறைப்பது முற்றிலும் சரியாக இருக்கும் இடமும் உண்டு. காஸ்கேட் மலைகளில் ஹக்கிள்பெரி என்ற கருநீலப் பழம் விளைகிறது. கோடை முடிவில் மலையேறிப் போய் அதைப் பறித்து, நெருப்போரம் உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேர்ப்பது அங்கே பூர்வகுடிப் பெண்களின் வேலையாகத் தலைமுறை தலைமுறையாக இருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் வெளியாட்கள் கூட்டம் கூட்டமாக அந்தப் பழக்காடுகளில் வந்து குவிந்தார்கள். ஆடம்ஸ் மலைக்கு அருகே ஒரு பகுதியை யகாமா மக்களுக்கு மட்டும் ஒதுக்கி, 1932-இல் அவர்கள் தலைவரும் வனத்துறை அதிகாரியும் கைகுலுக்கி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அங்கே வெளியாள் பழம் பறிக்கக் கூடாது. இதைத் தவறென்று யார் சொல்ல முடியும்? வனாந்தரச் சட்டம் மனிதனைக் காட்டில் தங்காத விருந்தாளி என்கிறது. இமேஜ் ஏரிக்குப் போகும் பாதை தொடங்கும் சுயாட்டில் ஆற்றுப் பள்ளத்தாக்கு, சாக்-சுயாட்டில் மக்களின் பூர்விக நிலம். அவர்கள் விருந்தாளிகள் அல்லர். நூறு பாதைகளின் பட்டியலில் எத்தனை பாதைகள், கூடை சுமந்த அந்தப் பெண்களின் கால்கள் போட்டவையோ?

ஆகவே வழியை மறைப்பது சரியா தவறா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. யார் மறைக்கிறார்கள், யாரிடமிருந்து, அந்த இடத்தில் அவர்களுக்கு என்ன பாத்தியதை என்று கேட்க வேண்டும். அங்கே வாழ்கிறவர்கள் தங்கள் வாழ்வுக்காக மறைப்பது உரிமை. நாலு தடவை போய்வந்து நாலு கவிதை எழுதிய நான் மறைப்பது அப்படியல்ல. அது ஓர் இடத்தை எனக்கென்று வைத்துக்கொள்ளும் ஆசை. அக்கறை என்று அதற்கு நான் பெயர் வைத்திருந்தேன்.

*

இப்போது மார்ஷலின் இரண்டாவது காரியத்துக்கு வருகிறேன்.

படம் எடுத்த சகோதரர்களில் ஒருவரான ஐரா ஸ்பிரிங், பிற்காலத்தில் ஒரு கருத்தை விடாமல் சொல்லிவந்தார். மலையில் நடக்கிறவர்களுக்கும் அந்த நிலத்துக்கும் இடையே ஒரு பசுமைப் பிணைப்பு உண்டாகிறது, அந்தப் பிணைப்பு உள்ளவர்கள்தாம் நாளை அந்த நிலத்துக்காக வாக்களிப்பார்கள், போராடுவார்கள் என்றார். அவரும் ஹார்வி மேனிங் என்ற எழுத்தாளரும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி நூல்களில் பாதைக் குறிப்போடு கூடவே வாசகரைச் சண்டைக்கு அழைக்கும் வரிகளும் இருக்கும். வடக்கு காஸ்கேட் தேசியப் பூங்கா 1968 அக்டோபரில் சட்டமானது. 1984-இல் வாஷிங்டன் மாநிலத்தில் 10 லட்சம் ஏக்கருக்கு மேல் வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது. இவற்றுக்குப் பின்னால் அந்தப் பாதைகளில் நடந்த ஆயிரக்கணக்கான கால்கள் இருந்தன.

ஆனாலும் ஸ்பிரிங்கின் கருத்தை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம். பார்த்தால் அன்பு வரும், அன்பு வந்தால் பொறுப்பு வரும் என்பது உண்மையானால் இன்று எந்த அருவியின் காலடியிலும் குப்பை இருக்கக் கூடாது. அன்பு தானாகப் பொறுப்பாக மாறுவதில்லை. நேசிக்கிறேன் என்று சொல்லும் ஆண்களோடு வாழ்ந்த பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அன்பைப் பொறுப்பாக மாற்ற ஓர் ஏற்பாடு வேண்டும்.

சைன்போஸ்ட் அந்த ஏற்பாடு. புத்தகம் போகும் வழியைச் சொல்லியது. போய்வந்தவர்கள் அங்கே என்ன கண்டார்கள் என்று செய்திமடல் கேட்டது. நீ போன பாதை எப்படி இருக்கிறது? பாலம் இருக்கிறதா? மரம் வெட்டக் குறியிட்டிருக்கிறார்களா? வழி கேட்டவளை வழியின் சாட்சியாக்கியது. 1990களில் அந்த அமைப்பின் தொண்டர்கள் பாதைகளைச் செப்பனிடவும் தொடங்கினார்கள். மிதித்துக் கெடுத்த கால்களுக்குரியவர்களே வந்து, சேற்றில் கல் பரப்பி, சிதைந்த கரையைக் கட்டி, மூன்றாகப் பிரிந்த பாதையை ஒன்றாக்கினார்கள். இது வீட்டுவேலை மாதிரியான வேலை. செய்தால் யார் கண்ணிலும் படாது, செய்யாவிட்டால் உடனே தெரியும். அடுத்த குளிர்காலம் வந்தால் மறுபடியும் செய்ய வேண்டும்.

மார்ஷலிடம் நான் கற்றது இதுதான். வழி சொல்வது தவறல்ல. சொல்லிவிட்டுப் போய்விடுவது தவறு. வழி சொன்னவளுக்கு அந்த வழியின் மீது கடமை இருக்கிறது. அதில் போனவள் திரும்பினாளா என்று பார்க்கும் கடமை, அவள் கொண்டுவரும் செய்தியைக் கேட்கும் கடமை, சொன்னது தவறென்றால் திருத்தும் கடமை. மறைக்கிறவளுக்கு இந்தக் கடமைகள் எதுவும் இல்லை. அதனால்தான் மறைப்பது அவ்வளவு சுலபமாக இருக்கிறது.

*

அடுத்த வாரம் அந்த மாணவியைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தேன். எந்தப் பேருந்து, எங்கே இறங்குவது, எத்தனை மணிக்குள் கீழே வந்துவிட வேண்டும், எந்தப் பாறை வழுக்கும், கடைசிப் பேருந்து எப்போது. மலையடியில் ஆடு மேய்க்கும் ஒரு அக்காவின் வீடு இருக்கிறது, அவரிடம் சொல்லிவிட்டு ஏறு என்றும் எழுதியிருந்தேன். "அன்னிக்கு நான் உங்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றேன். போய்வந்து எனக்கு எழுத வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இரண்டு வாரம் கழித்து எழுதிக் கொடுத்தாள். முழு இரண்டு பக்கம். நான் சொன்ன மூன்றாவது திருப்பம் இப்போது இல்லையாம், முள்ளடைத்துக் கிடக்கிறதாம். அக்கா வேறு வழி காட்டினாராம். மேலே போனால் சுனையில் பாதித் தண்ணீர்கூட இல்லை. பாறையிடுக்கில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் குழாய் சொருகியிருக்கிறது, அது மறுபக்கச் சரிவில் இறங்கிப் போகிறது, எங்கே போகிறது என்று தெரியவில்லை, உங்களுக்குத் தெரியுமா மேடம் என்று கேட்டிருந்தாள்.

எனக்குத் தெரியாது. நான் அங்கே போய் இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. நான் யாரிடமும் சொல்லாமல் காப்பாற்றிக்கொண்டிருந்த அந்த இரண்டு வருடமும் யாரோ அதை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பார்க்கத்தான் ஆளில்லை.

அவளும் அவள் தோழியும் நானும் அந்த அக்காவும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம். இதை எழுதும் நாள்வரை பதில் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை குழாய் போகும் திசையில் நடந்து பார்க்கப் போகிறோம். அந்தச் சரிவில் நான் நடந்ததில்லை. அக்காவுக்கு வழி தெரியும் என்கிறார்.